எட்டு மணி நேர மாட்டிறைச்சி: எங்கள் வீட்டு ஸ்லோ குக்கர் பற்றி

லாங் டே ஷிப்ட் என்றால் காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரி வார்டில் நிற்க வேண்டும். பொறுப்பை ஒப்படைத்து வெளியே வர இரவு எட்டு. பஸ் பிடித்து வீடு சேர எட்டே முக்கால். அந்த நேரத்தில் வெங்காயம் உரிக்கிற தெம்பு எனக்குக் கிடையாது. இங்கிலாந்தில் இருக்கும் இந்த லெஸ்டர் ஊருக்கு வந்த முதல் இரண்டு வருடம், ஷிப்ட் நாட்களில் நாங்கள் சாப்பிட்டது பெரும்பாலும் சோறு, தயிர், முட்டை. வீட்டுக்காரர் சோறு வைப்பார், முட்டை பொரிப்பார். அதற்கு மேல் அவரிடம் கேட்பது பாவம்.

வார்டில் கூட வேலை பார்க்கும் ஓர் ஆங்கிலேய அம்மாதான் ஸ்லோ குக்கர், அதாவது மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கும் மின்சாரச் சட்டி, வாங்கச் சொன்னார். "கிளம்பும்போது போட்டுவிட்டுப் போ, திரும்பி வரும்போது வெந்திருக்கும்" என்றார். முந்தின வருடம் நவம்பரில், தள்ளுபடி சமயத்தில், பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் 24 பவுண்டுக்கு மூன்றரை லிட்டர் சட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. இந்த விலையில் கிடைப்பவை எல்லாம் உள்ளே ஒன்றுதான். வெளியே ஒரு தகரக் கூடு, அதன் பக்கவாட்டில் சுற்றிய சூடேற்றும் கம்பி, உள்ளே கனமான பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி. முன்னால் ஒரு திருகு: ஆஃப், லோ, ஹை, வார்ம். அவ்வளவுதான் இயந்திரம்.

மார்த்தாண்டத்திலிருந்து அம்மா வீடியோவில் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "ஆளில்லாத வீட்டுல அடுப்ப எரிய விட்டுட்டா போற மக்ளே?" நியாயமான கேள்விதான். ஆனால் இது இழுப்பது மொத்தமே 200 வாட். பழைய குண்டு பல்பு இரண்டு எரிவது மாதிரி. கூடு தொட்டால் சுடும், அதனால் சுவரை ஒட்டி வைக்காமல், மேலே திரைச்சீலை எதுவும் தொங்காத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.

முதல் நாள் சமையல் தோல்வி. அதை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் பலர் அந்த முதல் நாளோடு சட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். கூடவே வந்த சின்னப் புத்தகத்தில் "எல்லாவற்றையும் போட்டு மூடுங்கள்" என்று இருந்தது. நானும் கோழி, நறுக்கிய வெங்காயம், தக்காளி, மல்லித்தூள், வத்தல் தூள், உப்பு, வழக்கமாக ஊற்றும் அளவு தண்ணீர் எல்லாம் போட்டு, லோவில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். இரவு வந்து மூடியைத் திறந்தால், கறி வெந்திருந்தது, குழம்பு வேகவில்லை. எலும்பு தனியாக, சதை நார்நாராகத் தனியாக, நடுவில் மல்லித்தூளின் பச்சை வாசனையோடு ஒரு சிவப்புத் தண்ணீர். வெங்காயம் கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டு அப்படியே கிடந்தது. மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா, இது ஆஸ்பத்திரிச் சாப்பாடா?" என்றாள்.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. இந்தச் சட்டியிலிருந்து ஆவி வெளியே போவதே இல்லை. மூடியில் பட்டு மறுபடி உள்ளேயே சொட்டுகிறது. கறியும் வெங்காயமும் விடும் நீரோடு நாம் ஊற்றிய தண்ணீரும் சேர்ந்து குளமாகிவிடுகிறது. சூடும் 100 டிகிரியைத் தாண்டாது. நான் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன்: லோவில் ஏழு மணி நேரம் கழித்து 94, ஹையில் மூன்றரை மணி நேரத்தில் 97. லோ, ஹை என்பது வேறு வேறு சூடு என்று நினைத்திருந்தேன். இல்லை, கடைசியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேருகின்றன, லோ நிதானமாகப் போகிறது. அந்தச் சூட்டில் வெங்காயம் சிவக்காது, மசாலா வறுபடாது, எண்ணெய் பிரியாது. நம் குழம்பின் ருசி முக்கால்வாசி அங்கேதானே இருக்கிறது!

ஆகவே, "போட்டுவிட்டுப் போ" என்பது ஆங்கிலேயரின் ஸ்டூவுக்குச் சரி, நமக்குப் பாதிதான் சரி. வதக்குகிற வேலையை நாம்தான் செய்ய வேண்டும். நான் இப்போது அதை முந்தின இரவு செய்துவிடுகிறேன். வெங்காயம், இஞ்சி பூண்டு, கறிவேப்பிலை வதக்கி, தூள்களைப் போட்டு எண்ணெய் பிரியும் வரை கிளறி, ஆறவைத்து ஒரு டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். கால் மணி நேர வேலை. கறியும் கழுவித் தனி டப்பாவில். காலை ஆறரைக்கு இரண்டையும் சட்டியில் கொட்டித் திருகைத் திருப்பினால் சரி. பீங்கான் சட்டியையே ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், குளிர்ந்த பீங்கான் சூடேறவே நேரம் எடுக்கும். அதுவரை கறி வெதுவெதுப்பாகக் கிடக்கும். எட்டு டிகிரிக்கும் அறுபத்து மூன்றுக்கும் நடுவில் உணவை ரொம்ப நேரம் விடக் கூடாது என்பது இங்கே சமையலறைப் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம். ஃபிரீசரிலிருந்து எடுத்த கல்லு மாதிரிக் கறியை நேராகப் போடக் கூடாது என்பதற்கும் அதேதான் காரணம்.

இனி மாட்டிறைச்சி. இந்தச் சட்டிக்கு நான் 24 பவுண்டு கொடுத்தது வீண் இல்லை என்று சொல்ல ஒரே காரணம் போதும் என்றால் அது இதுதான்.

எவிங்டன் ரோட்டில் ஒரு ஹலால் கறிக்கடையில் ஷின் கிடைக்கும். மாட்டின் முழங்காலுக்குக் கீழே இருக்கும் தசை. சவ்வும் நரம்பும் ஓடுவதால் மற்றத் துண்டுகளைவிட மலிவு. பிரஷர் குக்கரில் வைத்தால் ஒன்று ரப்பராக இருக்கும், இல்லை என்றால் இரண்டு விசில் கூடிப்போய் உலர்ந்து நாராக வரும். இந்தச் சட்டியில் லோவில் எட்டு மணி நேரம் இருந்தால் அந்தச் சவ்வெல்லாம் கரைந்து ஜெலட்டினாகிவிடுகிறது. துண்டு உருக்குலையாமல் நிற்கும், ஆனால் கரண்டியால் அழுத்தினால் பிரியும். குழம்பு உதட்டில் லேசாக ஒட்டும். ஆட்டுக்கால் சூப் குடித்தவர்களுக்கு அந்த ஒட்டல் தெரியும்.

ஒரு கிலோ ஷினைப் பெரிய துண்டுகளாக, இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல், வெட்டித் தரச் சொல்வேன். சின்னதாக வெட்டினால் எட்டு மணி நேரம் தாங்காது. தேங்காய் எண்ணெயில் கால் கிலோ சின்ன வெங்காயம், இஞ்சி, ஒரு முழுப் பூண்டு, இரண்டு கொத்துக் கறிவேப்பிலை. மூன்று மேசைக்கரண்டி மல்லித்தூள், ஒன்றரைக் கரண்டி வத்தல் தூள், மஞ்சள், பெருஞ்சீரகம். இதில் கறியையும் போட்டு நாலு பக்கமும் சிவக்கப் புரட்டினால் இன்னும் நல்லது, ஆனால் வேலை நாள் என்றால் நான் விட்டுவிடுகிறேன். தண்ணீர் அரை டம்ளர். ஆமாம், அரைதான். கை பதறும், ஆனாலும் அதற்கு மேல் ஊற்றாதீர்கள். மாலையில் பார்த்தால் கறி மூழ்க நீர் விட்டிருக்கும்.

நல்லமிளகும் தேங்காயும் காலையில் போகாது. எட்டு மணி நேரத்தில் நல்லமிளகின் வாசனை செத்துவிடும், அரைத்த தேங்காய் திரிந்து எண்ணெயாகவும் சக்கையாகவும் பிரிந்துவிடும். பட்டை, கிராம்பு நேர் எதிர், அவை ஏறிக்கொண்டே போகும். பாதியாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் கஷாயம். வீட்டுக்கு வந்ததும் குழம்பை மட்டும் ஓர் இரும்புச் சட்டியில் வடித்து, வறுத்து அரைத்த தேங்காயும் பொடித்த நல்லமிளகும் சேர்த்துப் பத்து நிமிடம் பெரிய தீயில் வற்றவிட்டு, கறியை அதில் புரட்டி எடுத்தால் எங்கள் ஊர் வறுத்தரைத்த இறைச்சி. தேங்காய்க் கொத்தைப் பொரித்துத் தூவுவது அவரவர் விருப்பம். அந்தப் பத்து நிமிடத்தில் நான் யூனிஃபார்மை மாற்றிவிடுவேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொண்டைக்கடலை இரவு ஊறப்போட்டு லோவில் எட்டு மணி நேரம்: தோல் உரியாமல் வெண்ணெய் மாதிரி வரும், சோடா உப்பு வேண்டாம். ஆனால் புளி, தக்காளி எதையும் பயறு வேகும் முன்னால் சேர்த்துவிடாதீர்கள், புளிப்புப் பட்டால் மறுநாள் காலை வரை வைத்தாலும் வேகாது. சாம்பார் இதில் வைப்பது நேரத்தைக் கெடுப்பது, பருப்பை மட்டும் வேகவைத்துக்கொள்ளலாம். மீனை நினைக்கவே வேண்டாம். பிராய்லர் கோழிக்கு எட்டு மணி நேரம் ரொம்ப அதிகம். கேரட்டும் உருளைக்கிழங்கும் கறியைவிட மெதுவாக வேகும் என்பது எனக்கு ஆச்சரியம்தான், அவற்றை அடியிலும் ஓரத்திலும் போட்டு மேலே கறியை வைக்க வேண்டும். சட்டியில் பாதியாவது நிரம்பியிருக்க வேண்டும், குறைவாகப் போட்டால் ஓரம் கருகும்.

சிவப்பு ராஜ்மா பற்றி மட்டும் நின்று சொல்ல வேண்டும். அதில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்றொரு நஞ்சு இருக்கிறது. நன்றாகக் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் வெந்தால் அது போய்விடும். ஸ்லோ குக்கரின் சூட்டில் போகாது. அரைகுறை சூட்டில் நஞ்சு கூடுகிறது என்றே ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். வேகாத பயறு நாலைந்து தின்றாலே ஒன்றிரண்டு மணி நேரத்தில் வாந்தி, பேதி. அதனால் ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே இதில் போட வேண்டும். டின் பயறு என்றால் பயமில்லை, அது ஏற்கெனவே வெந்தது.

எதிர்பாராமல் கிடைத்த லாபம் பால் பாயசம். ஈஸ்டருக்கு முந்தின நாள் இரண்டு லிட்டர் கொழுப்பெடுக்காத பால், ஒரு கைப்பிடி கழுவிய பச்சரிசி, சர்க்கரை போட்டு லோவில் வைத்தேன். அடி பிடிக்குமோ என்று கிளறிக்கொண்டே நிற்கிற வேலை இல்லை. ஆறு மணி நேரத்தில் பால் லேசான இளஞ்சிவப்பு நிறத்துக்கு வந்து, அரிசி கரைந்தும் கரையாமலும் நின்றது. ஓரத்தில் படிந்த ஆடையை மகள் சுரண்டித் தின்றதில் மறுநாளைக்குப் பாயசம் குறைவாகத்தான் இருந்தது.

சரி, குறைகள். பெரிய குறை, நான் வாங்கியதில் நேரம் வைக்கிற வசதி இல்லை. என் ஷிப்டோ வீட்டிலிருந்து வீடு வரை பதினாலு மணி நேரம். எந்தக் கறிக்கும் அது அதிகம். செருகுமிடத்தில் ஒரு டைமரை மாட்டி, நானில்லாதபோது பத்து மணிக்குத் தானாகத் தொடங்க வைக்கலாமா என்று யோசித்தேன். அப்படியென்றால் மூன்றரை மணி நேரம் பச்சைக் கறி அறைச் சூட்டில் கிடக்கும். மாலையில் தானாக அணைய வைத்தாலும், வெந்த கறி ஆறிக்கொண்டு கிடக்கும். இரண்டும் ஆகாது. கடைசியில் வீட்டுக்காரர்தான் டைமர். மகளைக் கூட்டிக்கொண்டு வருவார், வந்ததும் வார்முக்குத் திருப்ப வேண்டும். ஒருநாள் அவருக்கு ஓவர்டைம், மகளைத் தோழியின் அம்மா கூட்டிப்போய்விட்டார், சட்டியை எல்லோரும் மறந்துவிட்டோம். அன்றைக்குப் பதினாலு மணி நேரம் வெந்த ஆட்டுக்கறியை ஸ்பூனால்தான் சாப்பிட்டோம். இன்னும் பதினைந்து, இருபது பவுண்டு கூடப் போட்டால், நேரம் முடிந்ததும் தானாக வார்முக்குப் போகும் டிஜிட்டல் மாடல் கிடைக்கும். என்னைப் போல நீண்ட ஷிப்ட் உள்ளவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும். திருகு மாடலை வாங்கியது என் கஞ்சத்தனம்.

இரண்டாவது, பீங்கான். போன குளிர்காலத்தில் சூடு ஆறாத சட்டியைத் தொட்டியில் வைத்துக் குழாயைத் திறந்தேன். 'டொக்' என்று ஒரு சத்தம், அடியிலிருந்து விளிம்பு வரை ஒரு கோடு. தப்பு என்னுடையதுதான். ஆனால் உள் சட்டி மட்டும் வேண்டும் என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்டால், தபால் செலவோடு புது இயந்திரத்தின் விலைக்குக் கொஞ்சம் குறைவாகச் சொன்னார்கள். அந்த எரிச்சலில் ஒரு பழைய சாமான் கடையில், அதே அளவில், வேறு யாரோ கொடுத்துவிட்டுப் போன முழு குக்கரையும் ஐந்து பவுண்டுக்கு வாங்கி, அதன் சட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். லேசாக ஆடும், வேலைக்குக் குறைவில்லை. இந்த நாட்டில் ஸ்லோ குக்கர் கல்யாணப் பரிசாக வந்து, பிரிக்காமலே பழைய சாமான் கடைக்குப் போகிற பொருள். தேடினால் கிடைக்கும்.

மூன்றாவது, வாசனை. தாளித்தால் கத்துகிற புகை அலாரம் இதற்குக் கத்துவதில்லை, குக்கர் விசில் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவதும் இல்லை. ஆனால் எட்டு மணி நேரமும் வீடு முழுக்கக் கறி மணம் நிறைந்து, வாசலில் மாட்டிய கோட்டில் ஏறிவிடும். ஆறரைக்குச் சட்டியைப் போடும் முன்னால் கோட்டெல்லாம் அலமாரிக்குள் போய்விட வேண்டும்.

மின்சாரம் மிச்சம் என்கிறார்களே என்று ஒரு சின்ன மீட்டரை மாட்டிப் பார்த்தேன். லோவில் எட்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டை ஒட்டி ஓடுகிறது, இங்கே சுமார் 25 பென்ஸ். ஓவனில் மூன்று மணி நேரம் வைப்பதைவிடக் குறைவுதான். ஆனால் பிரஷர் குக்கரைவிட மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது காசை மிச்சப்படுத்தாது, அடுப்பின் முன்னால் நிற்கிற ஆளைத்தான் மிச்சப்படுத்துகிறது.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்குப் பிடித்தது. அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்ற யூதப் பொறியாளர் 1940ல் காப்புரிமை பெற்றார். அவர் அம்மா லிதுவேனியாவிலிருந்து வந்தவர். சனிக்கிழமை ஓய்வு நாளில் தீ மூட்டக் கூடாது என்பதால், வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன்னால் பயறும் கறியும் போட்ட சட்டியைப் பேக்கரி அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அணைந்த அடுப்பின் மிச்சச் சூட்டில் இரவு முழுக்க வெந்ததை மறுநாள் எடுத்துச் சாப்பிடுவார்களாம். அதைக் கேட்டுத்தான் செய்தாராம். பிறகு ரைவல் என்ற கம்பெனி அவர் தொழிலை வாங்கி, 1971ல் கிராக்பாட் என்று பெயர் வைத்து விற்றது. எங்கள் வீட்டில் பாட்டி ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போகும் முன்னால் இறைச்சிச் சட்டியை சிரட்டை (தேங்காய் ஓடு) எரித்த கனல் மேல் வைத்து, மூடி மேலும் நாலு கனலைப் போட்டுவிட்டுப் போவார். பூசை, மறைக்கல்வி, கோயில் முற்றத்துக் கதை எல்லாம் முடிந்து வந்தால் கறி தயார். பாட்டி காப்புரிமை வாங்கவில்லை.

போன கோடையில் அம்மா இங்கே வந்து இரண்டு மாதம் இருந்தார். நான் ஷிப்டில் இருந்தபோது சட்டி அம்மா பொறுப்பு. மூடியைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன், ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்பி வர இருபது நிமிடம், அரை மணி நேரம் ஆகும். இரவு வந்து பார்த்தால் கறி பல்லுக்கு அடங்கவில்லை. எத்தனை தடவை திறந்தீர்கள் என்றேன். "கறி வெந்துச்சான்னு பாக்காண்டாமா? சும்மா நாலஞ்சு தடவதான்" என்றார். மகள் பின்னால் நின்று இரண்டு கையையும் விரித்துப் பத்து என்று காட்டினாள். அன்றும் முட்டைதான்.

ஆனால் இறைச்சி ருசி அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. ஊருக்குக் கிளம்பும்போது ஒன்றைப் பெட்டியில் வைத்துத் தரச் சொன்னார். நாலரைக் கிலோ கனம், பீங்கான், அங்கே செருகும் முனையும் வேறு. அதைவிட, நடுவில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் பாதி வெந்த கறியை என்ன செய்வது? சிரட்டையும் சட்டியும் வீட்டிலேயே இருக்கிறதே என்றேன். "அப்ப நீ ஏன் இத வாங்கின?" என்றார். லெஸ்டரில் சிரட்டை கிடைப்பதில்லை.